பொதிக்குதிரையும் தேன்மெழுகும்

புகைப்படத்தின் மேல் தேன்மெழுகை உருக்கிப் பூசினால் எந்தப் படமும் கொஞ்சம் அழகாகிவிடும். விளிம்பு மங்கும், நிறம் பழுக்கும், பழங்காலத்து ஓவியத்தின் சாயல் வந்துவிடும். இந்தச் சுலபமான அழகு எனக்குப் போதவில்லை. மெழுகு எந்த இடத்தை மறைக்க வேண்டும், எந்த இடத்தைத் திறந்து விட வேண்டும் என்று அங்குலம் அங்குலமாக முடிவெடுத்துச் செய்யும்போதுதான் புகைப்படமும் மெழுகும் சேர்ந்து ஒரே படமாகின்றன. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்கு இறங்கும் பாதையில் எடுத்த ஒரு பொதிக்குதிரைப் படத்தை வைத்து அதைச் செய்தேன். பெரும்பாலும் கொடைக்கானலிலும் கீழே நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கிற பொருள்களே போதுமாக இருந்தன. அதனால் செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

ஏரியைச் சுற்றிச் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் படம் எடுப்பது எளிது. அவை ஆளுக்கும் கேமராவுக்கும் பழகியவை. வெள்ளகவிக் குதிரைகளைத் தேடிப் போனதற்கு வேறு காரணம். மோட்டார் சாலை வருமுன் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் இந்தச் சரிவில்தான் ஏறினார்கள். பிறகு சாலை வேறு பக்கமாகப் போய்விட்டது. வெள்ளகவிக்குச் சுமை என்றால் குதிரைதான் என்ற நிலை மட்டும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. காப்பிக்கொட்டையும் பட்டர் ஃப்ரூட்டும் எலுமிச்சையும் சாக்கில் கட்டி வரும். அரிசியும் மளிகையும் திரும்பிப் போகும். குதிரைகள் மட்டக்குதிரைகள். உயரம் குறைவு, மார்பு அகலம், கால் கெட்டி. பொதி அழுத்திய இடத்தில் மயிர் உதிர்ந்து, மறுபடி முளைக்கும்போது வெள்ளையாக முளைத்திருக்கும். செவலைக் குதிரையின் முதுகில் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் இதைத்தான் மெழுகில் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அந்தக் குதிரையின் வேலை முழுவதும் அந்தத் திட்டில் இருக்கிறது.

மெழுகுக்குப் போகிற படம் என்றால் எடுக்கும்போதே அதை மனதில் வைக்க வேண்டும். மெழுகு ஊறியதும் தாள் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுகிறது. வெள்ளை கொஞ்சம் மஞ்சளாகிறது, நடு நிறங்கள் ஒரு படி இருளுகின்றன, ஏற்கெனவே இருட்டான நிழல் வெறும் கறுப்புக் கட்டியாகிவிடுகிறது. ஆகவே உச்சி வெயில் படம் இதற்கு உதவாது. மேகம் இறங்கியிருக்கும் காலை நேரம்தான் சரி. மயிரில் கண்ணைக் கூசும் மினுமினுப்பு இருக்காது, விலாவின் ஒவ்வொரு மேடும் மெல்லிய நிறமாற்றமாகத் தெரியும். ஆனால் கேமரா மூடுபனியின் வெண்மையைப் பார்த்து ஏமாந்து, படத்தை இருட்டாக்கும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டி எடுத்தேன்.

1878-ல் புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் கலிஃபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புவதைப் படமாகக் காட்டினார். பொதிக்குதிரையிடம் அந்தக் கணத்துக்கு வேலையில்லை. அதன் நடையில் எப்போதும் இரண்டு காலோ மூன்று காலோ தரையில் ஊன்றியிருக்கும். அதனால் ஷட்டர் வேகம் 1/250 நொடியே போதும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் தலை மேலும் கீழும் அசைகிறது. கண் கூர்மையாக வேண்டுமானால் 1/500. லென்ஸ் 85 மில்லிமீட்டர். அகல லென்ஸை வைத்துக்கொண்டு கிட்டே போனால் மூக்கு பெருத்து உடல் சூம்பிவிடும். மட்டக்குதிரைக்கு அது பெரிய அநியாயம். தோள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து எடுத்தால் உடலின் அளவு உள்ளபடி வரும்.

நிற்கிற இடமும் முக்கியம். குதிரைக்கார அண்ணன் முதலில் சொன்னதே அதைத்தான்: "தம்பி, மலப்பக்கம் ஒட்டி நில்லு. பொதி இடிக்கும்னு அது பள்ளத்துப் பக்கமாத்தான் நடக்கும். அங்க நீ நின்னா ஒதுங்க எடம் இருக்காது." பின்பக்கம் போகவே கூடாது, ஃபிளாஷ் கூடாது. காது இரண்டும் முன்னே திரும்பியிருக்கும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அண்ணன் மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துக் காட்டினார். காது திரும்பியது, அந்தப் படம்தான் தாளில் அச்சாகி, மெழுகு ஏற்றும் பலகைக்குப் போனது.

அப்புறம் மெழுகு. பழனி மலையில் பாறை இடுக்குகளில் தேன் எடுப்பதில் பளியர் பழங்குடியினர் தேர்ந்தவர்கள். மலைத்தேனீயின் அடை பெரிது, மெழுகும் நிறையக் கிடைக்கும். தேன் பிழிந்த அடையை ஒருவரிடம் வாங்கி, தண்ணீரோடு காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஆற விட்டேன். மெழுகு மேலே வட்டாகக் கட்டும். அடியில் ஒட்டியிருக்கும் கசடைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒரு முறை காய்ச்ச வேண்டும். நிறம் நல்ல மஞ்சள். அதை அப்படியே பூசினால் மூடுபனி மஞ்சளாகிவிடும் என்பதால், பாதியை மெல்லிய சீவலாகச் சீவித் தட்டில் பரப்பி வெயிலில் வைத்தேன். வெயில் மெழுகை வெளுக்கும். பனிக்கு வெளுத்த மெழுகு, குதிரைக்கு மஞ்சள் மெழுகு என்று பிரித்துக்கொண்டேன்.

வெறும் மெழுகு மட்டும் போதாது. மிருதுவாக இருப்பதால் நகம் பட்டாலே கீறும், குளிரில் மேலே வெள்ளையாகப் பூக்கும். மேல்நாட்டில் இதற்கு டம்மர் என்ற பிசினைச் சேர்ப்பார்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைக் குங்கிலியம் அதற்கு உறவுக்காரப் பொருள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்து மரங்களின் பிசின். மெழுகும் குங்கிலியமும் சேர்வது நமக்குப் புதிதும் இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் வெண்கலச் சிலைக்கு முதலில் மெழுகு உரு பிடிப்பது தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயோடு காய்ச்சித்தான். எண்ணெய் அவர்களுக்கு உருவை வளைக்க உதவும்; நமக்குப் பரப்பு கெட்டிப்பட வேண்டும் என்பதால் எண்ணெய் வேண்டாம். எடையில் எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம். 400 கிராமுக்கு 50 கிராம். கடையில் சாம்பிராணியோடு கலந்து கொடுத்துவிடாமல் பார்த்து வாங்குங்கள். வெளிர் நிறத்தில் கண்ணாடித் துண்டாக இருப்பது வேண்டும்.

இதில் சூடுதான் எல்லாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். பூசுவதற்கு 80க்கும் 90க்கும் நடுவில் இருந்தால் தூரிகையில் நன்றாக ஓடும். 93 டிகிரியைத் தாண்ட விடாமல் வேலை செய்வது இந்தக் கலையில் வழக்கம். மேலே போகப் போக மெழுகு புகைந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இங்கேதான் கொடைக்கானல் கை கொடுக்கிறது. ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் நம்மைப் படுத்துகிற அதே விஷயம் மெழுகுக்குக் காவலாகிறது. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் எவர்சில்வர் டம்ளர்களில் மெழுகை வைத்தால் எவ்வளவு நேரம் விட்டாலும் எல்லை தாண்டாது. மதுரையில் இதே ஏற்பாட்டைச் செய்கிறவர்கள் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குங்கிலியத்தைக் கரைக்கும்போது மட்டும் இந்தக் காவல் உதவாது. பிசின் உருக 93 போதாது. பொடித்து, இண்டக்ஷன் அடுப்பில் கனமான இரும்புத் தோசைக்கல்லை வைத்து, அதன் மேல் மெழுகுப் பாத்திரத்தை வைத்து, தெர்மாமீட்டரோடு 110 டிகிரி வரை மெதுவாக ஏற்றிக் கரைத்தேன். இதை வராந்தாவில் செய்ய வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்யவே கூடாது. திறந்த தீயும் கூடாது. பக்கத்தில் ஒரு மூடியும் மணலும் இருக்கட்டும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது தீயைத் தெறிக்க வைக்கும். கரைந்ததும் சூட்டோடு துணியில் வடிகட்டினால் மரச்சக்கையும் தூசும் நின்றுவிடும். அச்சில் ஊற்றி வில்லையாக எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு நீர்ச்சூட்டிலேயே உருக்கிப் பயன்படுத்தலாம்.

பலகை 12 அங்குலத்துக்கு 16 அங்குலம். 12 மில்லிமீட்டர் பிளைவுட். கித்தான் துணி வளையும், வளைந்தால் மெழுகு விரிசல் விடும். அக்ரிலிக் பிரைமர் பூசிய பலகையில் மெழுகு பிடிப்பதில்லை, அது மெழுகை உறிஞ்சாது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் துணி ஒட்டிச் சுண்ணப்பொடியும் பசையும் பூசுவார்களே, அந்த வழிதான் நல்லது. நான் தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரப் பசையை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் ஊறவைத்து, நீர்ச்சூட்டில் கரைத்து, சாக்பவுடர் கலந்து சில பூச்சுகள் கொடுத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளை வெளேரென்று உறிஞ்சும் பரப்பு கிடைக்கும். இந்த வெள்ளைதான் கடைசியில் படத்தின் வெளிச்சம். தாள் ஒளி ஊடுருவும்படி ஆன பிறகு கீழே இருப்பது மரமா வெள்ளையா என்பது மேலே தெரிந்துவிடும்.

அச்சுக்கு வழக்கமான பளபளப்பு ஃபோட்டோ தாள் கூடாது. அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் பூச்சுக்குள் மெழுகு இறங்காது. புதுச்சேரிக் கைத்தாளில் மெல்லியதை வாங்கினேன். பிரிண்டர் அதைத் தனியாக இழுக்காது. ஒரு சாதாரணத் தாளின் மேல் வைத்து, முன் விளிம்பில் மட்டும் டேப் ஒட்டி அனுப்பினால் இழுத்துக்கொள்ளும். 12க்கு 16 பலகைக்கு ஏ4 தாள்கள் நான்கு வேண்டும். இணைப்புக் கோடுகள் குதிரையின் மேல் விழாமல் பனியிலும் புதரிலும் விழும்படி பிரித்தேன். மை பிக்மென்ட் மையாக இருக்கட்டும். சாய மை என்றால் பசை ஈரம் பட்டதும் கசியும்.

ஒரே படத்துண்டை மூன்று வெளிச்ச அளவில் அச்சிட்டு, சின்னப் பலகைத் துண்டில் ஒட்டி மெழுகு ஏற்றிப் பார்த்தேன். திரையில் சரியாகத் தெரிந்தது மெழுகுக்குக் கீழே இருண்டுவிட்டது. திரையில் சோகையாக, வெளிறித் தெரிந்ததுதான் மெழுகு ஏறியதும் உயிரோடு எழுந்தது. மஞ்சளை ஈடுகட்ட நீலத்தையும் ஒரு துளி கூட்டினேன். இந்தச் சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம். ஒவ்வொரு மெழுகுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் இது மாறும்.

ஒட்டுவதற்கு மைதா பசை. நடுவிலிருந்து வெளியே தடவிக் காற்றை எடுக்க வேண்டும். அப்புறம் காயும்வரை பொறுமை. மழைக்காலக் கொடைக்கானலில் அதற்கு நாள் கணக்கில் ஆகும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் மெழுகு போடும்போது கொப்புளமாக எழும்பும்.

பூசுகிற வேலைக்குப் பன்றிமுடித் தூரிகை. நைலான் என்றால் சூட்டில் சுருண்டுவிடும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டி, கையால் தொட்டால் இதமாக இருக்கும் அளவுக்குப் பலகையை முதலில் சூடாக்க வேண்டும். இங்குள்ள குளிரில் சூடாக்காத பலகையில் தூரிகை பட்ட கணமே மெழுகு உறைந்து தழும்பாகிவிடும். முதல் பூச்சு மெழுகு தாளுக்குள் இறங்கும்போது பார்க்க வேண்டும். மங்கிக் கிடந்த விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் துலங்கி வரும். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு ஹீட் கன்னை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் நகர்த்தி, கீழ்ப்பூச்சோடு உருக்கி ஒட்ட வேண்டும். பரப்பில் ஈரப் பளபளப்பு ஒன்று ஓடும். அது ஓடியதும் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் மெழுகு ஓடி மேடு பள்ளமாகும். உருக்கி ஒட்டாத பூச்சு பின்னொரு நாள் பொருக்குப் பொருக்காகப் பெயரும்.

இரண்டு பூச்சு வரை புகைப்படம் தெளிவாக இருக்கும். நாலு, ஐந்து என்று போகும்போது பால் கலந்த மாதிரி மங்கத் தொடங்கும். இந்த மங்கலைத்தான் நான் பங்கு போட்டேன். பின்னாலிருக்கும் சோலை மரங்களுக்கு வெளுத்த மெழுகை அடுக்கடுக்காக ஏற்றினேன், மரங்கள் பனிக்குள் போய்விட்டன. கழுத்துக்கும் முகத்துக்கும் இரண்டு பூச்சு. கண்ணுக்கு ஒன்றுதான், சுற்றிலும் பூசியது அங்கே வழிந்து வந்ததைப் பரப்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி எடுத்தேன். குதிரையின் பாவை படுக்கை வாட்டில் நீண்டிருக்கும். அதில் பாதையின் வெளிச்சக் கீற்று ஒன்று விழுந்திருந்தது. அதை மெழுகுக்குள் புதைக்க மனம் வரவில்லை. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கிடைத்த பழைய உருவப்படங்களில் பலவும் பலகையில் மெழுகு வண்ணத்தால் வரைந்தவைதான். கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரையிலானவை. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவற்றில் முதலில் நம்மைப் பிடிப்பது கண். அதை வரைந்தவர்கள் கண்ணுக்கு எவ்வளவு கவனம் கொடுத்தார்கள் என்பது பெரிதாக்கிய நகல்களிலேயே தெரிகிறது.

நிறத்துக்குக் காவிக்கல் பொடி, விளக்குக்கரி, டைட்டானியம் வெள்ளை. பொடியை ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் குழைத்து மெழுகில் கலக்க வேண்டும். பொடியைக் கையாளும்போது முகமூடி கட்டாயம். ஈயமோ காட்மியமோ கலந்த நிறங்களைச் சூட்டு வேலையில் சேர்க்காதீர்கள். மஞ்சள்தூளும் வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். செவலை நிறத்துக்குக் காவி அருமையாகப் பொருந்தியது. தோளிலும் தொடையிலும் மெல்லியதாக ஒரு பூச்சு, கீழே புகைப்படத்தின் மயிர் ஓட்டம் தெரியும்படி. முதுகின் வெள்ளைத் திட்டுக்கு நிறமே போடவில்லை. அங்கே மெழுகைச் சுரண்டி, தாளையும் தாண்டி, அடியிலிருந்த சுண்ணப் பரப்பு தெரியும்வரை போனேன். உதிர்ந்த மயிரின் இடத்தைத் தேய்த்துத்தான் காட்ட முடியும் என்று தோன்றியது.

பிடரி மயிருக்குக் கோணூசி. ஆறிய மெழுகில் கோடு கோடாகக் கீறி, கறுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தேய்த்து, மேலே இருப்பதைத் துணியில் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். பொதிக்கு, அண்ணனிடம் கேட்டு வாங்கிய கிழிந்த சாக்கின் ஒரு துண்டையே இளஞ்சூட்டு மெழுகில் அழுத்தி எடுத்தேன். சணல் நெசவு அப்படியே பதிந்தது. பொதியின் மேல் மட்டும் எட்டு ஒன்பது பூச்சு இருக்கும். கையால் தடவினால் கனம் தெரியும்.

அந்த நிலையில் பலகையை அண்ணனிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொதிக்குக் கீழே விரலை வைத்து, "வார் எங்கப்பா போச்சு? முடிச்சும் காணோம். வார் இல்லாம இந்த எறக்கத்துல பொதி எப்பிடி நிக்கும்?" என்றார். வயிற்றைச் சுற்றி வரும் வார் கனத்த மெழுகுக்குள் மங்கிப் போயிருந்தது. பக்கவாட்டு முடிச்சும் சாக்கு நெசவுக்குள் கலந்துவிட்டது. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கிறதா, வார் இறுக்கமா என்று பத்துப் பன்னிரண்டு வளைவுக்கு ஒரு முறை கையால் பார்க்கிறவர் அவர். பொதி சாய்ந்தால் குதிரை சாயும். அவருக்கு இந்தப் படத்தின் நடு, வார்.

அவர் சொன்னது எனக்கு முழுக்கச் சரியாகப் பட்டது. கண்ணுக்குக் கொடுத்த தெளிவை வாருக்கும் முடிச்சுக்கும் கொடுப்பது என்று முடிவு செய்தேன். கனமான இடத்தில் சுரண்டுவது நிதானம் கேட்கிற வேலை. ஹீட் கன்னை முழு இடத்துக்கும் காட்டினால் சாக்கு நெசவு கரைந்துவிடும். அதனால் பழைய கரண்டியின் காம்பைக் கொதிநீரில் வைத்துச் சூடேற்றி, வார் ஓடும் கோட்டில் மட்டும் வைத்து மெழுகைத் தளர்த்தி, பிளேடால் இழை இழையாக எடுத்தேன். வார் புகைப்படமாகவே மேலே வந்தது, தேய்ந்த ஓட்டைகளோடு. முடிச்சு இருந்த இடத்தில் நெசவு பதியாமல் வழித்துவிட்டு ஒரே ஒரு பூச்சு. இப்போது பொதியின் கனம் முன்பைவிடக் கூடித் தெரிகிறது. அதைத் தாங்குவது எது என்று கண்ணுக்குப் புலப்பட்டுவிட்டதால் இருக்கலாம். அடுத்த பலகைக்கு, மெழுகைத் தொடுவதற்கு முன்னாலேயே அச்சை அண்ணனிடம் கொடுத்து எதெது தெரிய வேண்டும் என்று பென்சிலால் வட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.

பராமரிப்பு பற்றிக் கொஞ்சம். குளிர் காலத்தில் பரப்பின் மேல் சாம்பல் படர்ந்தது மாதிரி மெழுகு பூக்கும். பயப்பட ஒன்றுமில்லை, மெல்லிய பருத்தித் துணியால் வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பும் ஏறும். கண்ணாடிச் சட்டம் தேவையில்லை. நேர் வெயிலும் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரும் ஆகாது. மலையிறக்கிக் கொண்டுபோவதுதான் பெரிய சோதனை. வத்தலக்குண்டு வெயிலில் கதவு சாத்திய காருக்குள் விட்டுப் போனால் மெழுகு இளகி, மேலே பட்ட எதுவும் பதிந்துவிடும். குமிழித் தாளைப் படத்தின் முகத்தில் சுற்றவே கூடாது; வட்ட வட்டமாகத் தடம் விழும். நெய்த்தாள் (பட்டர் பேப்பர்) ஒன்றை மேலே வைத்து, நாலு மூலையிலும் தக்கை கொடுத்து, அட்டைப்பெட்டிக்குள் எதுவும் முகத்தில் படாதபடி நிறுத்தி, விடியற்காலை பஸ்ஸில் கொண்டுபோவது நல்லது. கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்கு மெழுகு கெட்டிப்பட்டுக்கொண்டே இருக்கும். அதுவரை மாதம் ஒரு முறை துணியால் தேய்த்தால் போதும்.